பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவள்

கணவன் மனைவி பிரிந்த வழக்கில் அம்மா பக்கம் ஒரு வக்கீல், அப்பா பக்கம் ஒரு வக்கீல். பிள்ளையை வாராவாரம் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவர இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இருந்தால் அதிகம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பையனுக்குப் பெரியம்மா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வரிசையில் நிற்பதும், கையெழுத்து வாங்குவதும், கோபமாக வருகிறவரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவதும் எனக்குப் பழகிப்போனவை. தங்கை என்னைக் கேட்டதற்கு அது மட்டும் காரணமில்லை. எங்கள் வீட்டில் அவள் புருஷனைத் திட்டாமல் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்: வக்கீலைப் பார்த்துப் பிடிப்பதுபோல, பிள்ளையோடு போகும் ஆளையும் பார்த்துப் பிடியுங்கள். ஆரம்பத்தில் தங்கையேதான் போனாள். பையனுக்கு நாலு வயது. அப்பா பிஸ்கட்டை நீட்டினால் கை போவதற்கு முன்னால் கண் அம்மாவிடம் போகும். சிரிப்பு வந்தாலும் அப்படித்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருப்பதே அவனுக்கு ஒரு தகவல். கோர்ட் ஆலோசகர் அம்மா இதைக் கவனித்து, வேறு யாராவது வரட்டுமே என்றார். எதிர்த்தரப்பும் சம்மதித்தது. எங்கள் அண்ணன் உடனே தயாராகிவிட்டார். அவர் வந்தால் அடுத்த வழக்கு போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அவரை அன்போடு வீட்டில் உட்கார வைத்தோம். போகிற ஆள் பிள்ளைக்குப் பழகிய முகமாக இருக்க வேண்டும், எதிரே வருகிறவரை ‘வாங்க’ என்று கேட்க நா எழ வேண்டும், அவ்வளவுதான் தகுதி. ஒரே ஆள் போதும். நாலு பேர் காரில் போய் இறங்கினால் பிள்ளைக்கு வயிறு கலங்கிவிடும்.

கண்காணிப்பில் சந்திப்பு என்றதும் சினிமாவில் வரும் ஜெயில் காட்சி நினைவுக்கு வரும். நான் பார்த்தது ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் முயல் படம், கதவோரம் ஆலோசகரோ ஒரு ஊழியரோ. வந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் அப்பாக்களைச் சுடுகிறது. “என்னைய என்னமோ களவாணி மாதிரி உக்கார வெச்சிருக்காய்ங்க மதினி” என்று தம்பி முதல் நாளே சொன்னார். (தங்கை வீட்டுக்காரரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். கேஸ் நடந்தாலும் அதை மாற்றவில்லை.) பல மாதம் அப்பாவைப் பார்க்காத சின்னப் பிள்ளைக்கு, தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கும்படி சந்திப்பைத் தொடங்குவது தண்டனை ஆகாது என்று ஆலோசகர் விளக்கினார். பதிவேட்டில் ஒழுங்காக விழுந்த அந்தக் கையெழுத்துகளே பின்னால் நேரத்தைக் கூட்டிக் கேட்கத் தம்பிக்குக் கைகொடுத்தன. வராத வாரமும் அதே பதிவேட்டில்தான் தெரியும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடி உதையோ, பிள்ளையை மிரட்டியதோ, அதைவிட மோசமான சந்தேகமோ இருக்கிற வீடுகளுக்கு நான் எழுதுவது பொருந்தாது. அங்கே கண்காணிப்பு என்பது காவல். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, சந்திப்பால் பிள்ளைக்குக் கேடு வரும் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கவே வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ‘சமாளிச்சுப் போங்க’ என்கிற சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்காமல், பயத்தை அப்படியே மனுவில் எழுதச் சொல்லுங்கள். சமரசத்தில் எதிரெதிரே உட்காரவே பயமாக இருந்தால் அதையும் சொல்லலாம், தனித்தனியாகப் பேசுவார்கள்.

சமரசத்துக்கு அனுப்பியபோது எங்கள் வீட்டில் ஒரே கலவரம். சேர்த்துவைக்கப் போகிறார்கள் என்று அம்மா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார், சேர்த்துவைத்துவிடுவார்கள் என்று தங்கை அழுதாள். இரண்டுமே இல்லை. 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம் வழக்கை நடத்துவதற்கு முன் உடன்பாட்டுக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்கே கடமை வைத்திருக்கிறது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கியது. இப்போது மாவட்டந்தோறும் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பஞ்சாயத்து மாதிரி தீர்ப்புச் சொல்கிற ஆளும் கிடையாது. விவாகரத்து வேண்டும் என்பதில் உறுதியாக இருந்துகொண்டே பிள்ளை விஷயத்தை மட்டும் அங்கே பேசி முடிக்கலாம், நாங்கள் செய்தது அதுதான். உள்ளே பேசியதை நாளைக்குக் கோர்ட்டில் எடுத்து வீச முடியாது. முடிந்தது, முடியவில்லை என்ற அளவில்தான் சமரசர் அறிக்கை அனுப்புவார். அதனால் உள்ளே நடந்ததை நானும் எழுதப் போவதில்லை. காகிதத்தில் ஏறி, நீதிபதி உத்தரவாக ஆன விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

போகும்போது கல்யாணக் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். நகை எத்தனை பவுன், யார் மாமியார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதற்குரிய மனுக்களில் இருக்கட்டும். நான் தங்கையிடம் ஒரு வெள்ளைத் தாளில் பையனின் நாளை எழுதச் சொன்னேன்: எழுந்திருக்கும் நேரம், பள்ளி வேன் வரும் நேரம், தூங்கும் நேரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எதைக் கண்டால் பயப்படுவான். அந்தத் தாள்தான் பேச்சுக்கு அடித்தளம் ஆனது. எதிர்த்தரப்பில் கேட்டால் கொடுக்கவும் ஒரு நகல் வைத்திருந்தோம்.

‘மாதம் இரண்டு முறை அப்பா பார்க்கலாம்’ என்று ஒரே வரியில் முடிந்த உத்தரவுகளோடு வராந்தாவில் அலைகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குள் ஆயிரம் சண்டைக்கு இடம் இருக்கிறது. அவர் அரை மணி தாமதமாக வந்தால்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்? கூட அப்பத்தா வரலாமா, சித்தப்பா வரலாமா? எங்கள் காகிதத்தில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. அரை மணி காத்திருப்போம், அதற்கு மேல் போனால் அந்த வாரம் போனதுதான். காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், மறு ஞாயிறு ஈடுகட்ட வேண்டும். அப்பத்தா மாதம் ஒருமுறை வரலாம், மற்றவர்கள் வேண்டாம். தகவல் எல்லாம் என் போனுக்கு. தங்கைக்கு நேராக மெசேஜ் போனால் அரை மணியில் பழைய கதை தொடங்கிவிடும் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

திருவிழாக்களை எழுத மறக்காதீர்கள். மதுரையில் சித்திரைத் திருவிழாவை எழுதாத உடன்பாடு செல்லாக்காசு. எங்களுடையதில் ஒரு வருஷம் எதிர்சேவை அப்பாவோடு, அழகர் ஆற்றில் இறங்குவது அம்மாவோடு. மறு வருஷம் மாறும். தீபாவளிக்குக் காலை அம்மா, மாலை அப்பா. ரொம்ப நேரம் இழுத்தது காதுகுத்துதான். அப்பா வழிக் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில், இரு தரப்பிலும் குறிப்பிட்ட ஆட்கள் மட்டும் என்று முடிவானது. பிளக்ஸ் போர்டு வைக்கக்கூடாது என்பதுவரை எழுதினோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். காதுகுத்து சச்சரவில்லாமல் நடந்தது. அண்ணன்கூடப் பந்தியில் தம்பிக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார், பேசவில்லை.

சந்திப்பு நேரத்தைப் பற்றி அப்பாக்களுக்குச் சில வார்த்தை, அல்லது சந்திக்க வரும் அம்மாக்களுக்கு. அப்படியும் நிறையப் பேர் வருகிறார்கள். பெரிய பொம்மை வாங்கி வராதீர்கள். அது பிள்ளையோடு வீட்டுக்கு வந்து மறுபக்கத்தை எரிச்சல்படுத்தும், பிள்ளையும் அடுத்த வாரம் இன்னும் பெரிதாக எதிர்பார்க்கும். தம்பி ரிமோட் கார், கரடி எல்லாம் கொண்டுவந்து பார்த்தார். பையன் மனசில் நின்றது ஒரு கலர் பென்சில் டப்பாவும் படம் வரையும் நோட்டும். அந்த நோட்டு அப்பாவிடமே இருக்கும், ஒவ்வொரு வாரமும் விட்ட இடத்திலிருந்து வரைவார்கள். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் வாயை மூடிக்கொள்கிற வயதுக்கு இப்படிக் கை வேலை தேவை. முதல் சில வாரம் அவன் என் முந்தானைக்குப் பின்னால்தான் இருந்தான், தம்பி தரையில் உட்கார்ந்து தனியாக யானை வரைந்துகொண்டிருந்தார். யானைக்கு வால் சரியில்லை என்று சொல்லத்தான் அவன் முதலில் வெளியே வந்தான்.

“அம்மா என்ன சொன்னா?”, “வீட்டுக்கு யாரு வர்றா?” என்று கேட்கக் கூடாது. வீடியோ எடுக்கக் கூடாது. பிள்ளை அழுகிறதை எடுத்து சி.டி.யில் போட்டுத் தாக்கல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீதிபதி அதில் யாரைப் பார்ப்பார் என்று அவர்கள் யோசிப்பதில்லை. எங்கள் பக்கத்துக்கும் இதே விதிதான். திரும்பும் வழியில் நான் எதுவுமே கேட்கமாட்டேன். வீட்டில் அம்மாச்சி வாசலிலேயே நின்று, “உங்கப்பன் என்ன வாங்கிக் குடுத்தான்?” என்று தொடங்குவார். அதை நிறுத்தத்தான் எனக்கு அதிகக் காலம் ஆனது, கோர்ட் உத்தரவு வாங்கியதைவிட அதிகம். சாப்பாடு கொடுத்து, டிவி போட்டு, ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் சொல்ல வேண்டியதை அவனே சொல்வான். சொல்லாவிட்டாலும் குடி முழுகாது.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, வந்த நேரம், போன நேரம், வராவிட்டால் சொன்ன காரணம். ‘திமிராகப் பேசினார்’ மாதிரி எதுவும் அதில் கிடையாது. தபால் ஆபீஸ் பதிவேட்டில் யாரும் ‘கோபமாகக் கடிதம் போட்டார்’ என்று எழுதமாட்டார்கள் இல்லையா. வக்கீலுக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வராந்தா சட்ட அறிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே எல்லோரும் வக்கீல்தான். “அஞ்சு வயசு முடிஞ்சா ஆம்பளப் புள்ள அப்பாகிட்டப் போயிரும்” என்று ஒருவர் சொல்லிப் பல நாள் தங்கை தூக்கம் கெட்டது. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து வயது நிறையாத பிள்ளை வழக்கமாகத் தாயிடம் இருக்கும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் தூக்கிக் கொடு என்று அது சொல்லவில்லை. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்தது, “ஜீவனாம்சம் குடுக்கல, புள்ளையக் காட்டாதீங்க”. பணம் வராவிட்டால் அதற்கு மனுப் போடும் வழி தனி. உத்தரவு இருக்கும்போது பிள்ளையைக் காட்டாமல் வைத்தால் குற்றம் நம் தலையில் விழும். பிள்ளையைக் காட்டாததால் பணத்தை நிறுத்துகிறேன் என்பதும் அதே கணக்குதான். நேரில் வர முடியாத நாட்களுக்குப் போனும் இருக்கிறது. பிரிந்திருக்கும் பெற்றோர் வீடியோ அழைப்பில் பிள்ளையோடு பேசுவதையும் ஓர் உரிமையாக 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்களுக்கு ராத்திரி ஏழரை மணி, பத்து நிமிஷம். ரெக்கார்ட் செய்யக் கூடாது.

இடம் தூரமாக இருந்தால் வாய்மூடி இருக்காதீர்கள். மதுரையில் இருந்த ஒரு தாய், இரண்டு வயதுப் பெண் குழந்தையை ஒவ்வொரு ஞாயிறும் கரூருக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. போக வர 300 கிலோமீட்டர். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மதுரைக்கே மாற்றியது: ஒரு பூங்காவிலோ கோயிலிலோ, ஞாயிறு காலை 10 முதல் மதியம் 2 வரை, தாய் பத்தடி தள்ளி இருக்கட்டும் என்று. அந்தப் பத்தடியைப் படித்தபோது யாரோ விஷயம் தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். பிள்ளை திரும்பிப் பார்த்தால் தெரிய வேண்டும், பேச்சில் குறுக்கே விழ முடியக் கூடாது.

பிள்ளை பற்றிய உத்தரவு எதுவும் கடைசித் தீர்ப்பு கிடையாது, நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. அறையிலிருந்து ராஜாஜி பூங்காவுக்கு மாறினோம், பிறகு நேரம் கூடியது, இப்போது கண்காணிப்பு இல்லை. நான் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வருகிறேன். தம்பிக்கும் தங்கைக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. பையன் மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை காலையில் சிலம்பம் கற்றுக்கொள்ளப் போக வேண்டும் என்கிறான், அது அப்பாவின் நேரம். வகுப்புக்கு அவரே கூட்டிப்போய்விட்டால் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை என்று தம்பி போன வாரம் சொன்னார். தங்கை யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். ஒத்துக்கொண்டால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மே மாத விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் ஒரு மெமோ கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சாக விடுவதாக இல்லை.