வளர்ந்தவர்களுக்கு அம்மை போட்டால்: வீட்டுக்குச் சில குறிப்புகள்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலைக் கொத்து தெரியும். ரமணாசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் அதிகம். சிறுவயதில் அம்மையும் போடாமல் தடுப்பூசியும் போடாமல் நாற்பதைத் தொட்டவர்கள் அவர்களிலும் உண்டு, நம் வீடுகளிலும் உண்டு. குளிர்நாடுகளில் சின்னம்மை பெரும்பாலும் பள்ளி வயதிலேயே வந்து போய்விடும். வெப்பநாடுகளில் தப்பித்து வளர்ந்துவிடுகிறவர்கள் கூடுதல். குழந்தையை நாலு நாள் படுத்தும் நோய், பெரியவரைப் புரட்டிப் போட்டுவிடும்.

1. முதல் கொப்புளம் தெரிந்த அன்றே டாக்டரைப் பாருங்கள். அசைக்ளோவிர் மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். 'அம்மாவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது' என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். வேப்பிலை கட்டட்டும், நீங்கள் மாத்திரையும் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது மட்டும் கூடாது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே அம்மை என்று சொல்லிவிட்டால், மற்றவர்களோடு வரிசையில் உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள்.

2. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் அதை முதல் வாக்கியமாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வேற்றாள் நுழைவதில்லை என்பது நம் ஊரின் மிக நல்ல வழக்கம். கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை ஓயாது. அதுவரை ஆசிரமப் பந்தியில் உட்காருவதோ, தியான அறைக்குப் போவதோ, பௌர்ணமி கிரிவலமோ கிடையாது. 14 கிலோமீட்டரும் கூட்டத்தில் உரசிக்கொண்டே நடக்கிற இடம் அது. அண்ணாமலையார் அடுத்த பௌர்ணமிக்கும் இங்கேதான் இருப்பார். 1905 வாக்கில் ஊரில் பிளேக் பரவியபோது ரமணரே பச்சையம்மன் கோயிலுக்குப் போய்த் தங்கியிருந்தார். தனியாக அறை எடுத்திருக்கும் வெளியூர்க்காரருக்கு வந்துவிட்டால், முன்பே அம்மை கண்ட ஒருவர் வேளாவேளைக்குச் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவது பெரிய உதவி.

4. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை குளிக்காமல் கிடக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரில் தினமும் குளிக்கலாம். தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். நமைச்சலுக்குக் கேலமைன் லோஷன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிதான் படுக்கைக்கு நல்ல விரிப்பு. உடைந்த கொப்புளத்தின்மேல் வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். புண் சீழ் வைக்கும்.

5. இளநீர், மோர், நுங்கு, கேழ்வரகுக் கூழ் எல்லாம் சரி. வாயில் புண் இருந்தால் காரம் தானாகவே இறங்காது. ஆனால் உப்பில்லாப் பத்தியம் என்று பட்டினி போடாதீர்கள். குழைய வேகவைத்த பருப்புச் சாதம் உடம்புக்குத் தெம்பு தரும்.

6. மூச்சு வாங்குகிறது, இருமல், நெஞ்சு வலி, தாங்காத தலைவலி, பேச்சில் குழப்பம், விட்ட காய்ச்சல் திரும்ப அடிக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியவர்களுக்கு அம்மையோடு நிமோனியா சேர்வதுதான் பெரிய ஆபத்து. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு அது இன்னும் அதிகம்.

7. வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவருக்குச் சிறுவயதில் அம்மை போட்டதா என்று அவருடைய அம்மாவிடம் உடனே கேளுங்கள். இல்லை, தெரியாது என்றால் அன்றே மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி உண்டா என்று தெரிந்துவிடும்.

8. பாட்டிக்கு இடுப்பில் அக்கி என்றால் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவது வழக்கம். அந்த அக்கிக்கும் சின்னம்மைக்கும் கிருமி ஒன்றுதான். அம்மை போன பிறகும் நரம்பில் ஒளிந்திருந்து பல வருடம் கழித்துத் தலைகாட்டுகிறது. அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால், அம்மையே காணாத மருமகனுக்கு சின்னம்மை வரலாம். அக்கியைத் துணியால் மூடி வையுங்கள்.

9. பெரியவர்களைப் படுத்தும் இன்னொரு நோயான பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதில் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. வளர்ந்த ஆணுக்கு வந்து விரை வீங்கினால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

10. தட்டம்மைக்கு அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி உண்டு. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அதில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். சின்னம்மை ஊசியின் வரலாறு 1974-இல் ஜப்பானில் மிச்சியாகி தகாஹாஷியிடம் தொடங்குகிறது. தன் மகன் சின்னம்மையில் பட்ட பாட்டைப் பார்த்து அந்த ஆராய்ச்சியில் இறங்கியவர் அவர். பெரியவர்களுக்கு இரண்டு தவணை, நடுவில் நாலு முதல் எட்டு வாரம். கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது. பக்கத்து அறைக்காரருக்கு அம்மை என்று தெரிந்த பிறகுகூட, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ முடியும். அந்த ஐந்து நாள் கடந்துவிட்டால், தொற்றியிருக்கக்கூடிய நாளிலிருந்து மூன்று வாரம் உடம்பைக் கவனித்து வாருங்கள். அதற்குள் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.