காந்தமும் மின்னும்

கரிசல் மண் பரந்து கிடக்கும் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற ஊர். தீபாவளி நாளில் சிறுவர் கையில் ஏந்தி மகிழும் கம்பி மத்தாப்பு இவ்வட்டாரத்தில் பெருந்தொகையாகச் செய்யப்படுகிறது. அம்மத்தாப்புப் பொன்னிறப் பூக்களைச் சொரிவது எதனால்? அதன் கலவையிற் சேர்ந்துள்ள இரும்புத் துகள்களால் ஆகும். நெருப்பிற் பழுத்த ஒவ்வொரு துகளும் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி எரிந்து ஒரு பொற்பூவாகச் சிதறுகிறது.

இரும்புத் துகளுக்கு மற்றுமோர் இயல்பு உண்டு. கொல்லன் அரத்தால் அராவும்போது உதிரும் இரும்புப் பொடியைச் சிறிது எடுத்துக்கொள்க. மத்தாப்பு மருந்தைச் சுரண்டி எடுத்தல் பேரிடர் விளைக்கும். அதனை ஒருபோதும் செய்தலாகாது. ஒரு சட்டக் காந்தத்தை மேசைமீது வைத்து, அதன்மேல் ஒரு தாளைப் பரப்பி, இரும்புப் பொடியை மெல்லத் தூவி, தாளை விரலால் தட்டுக. சிதறிக் கிடந்த பொடி அணிவகுத்து நிற்கும். ஒரு முனையிற் புறப்பட்டு, வில்போல் வளைந்து, மறுமுனையைச் சென்றடையும் கோடுகள் பல தோன்றும். காந்தத்தின் ஆற்றல் பரந்து நிற்கும் வெளிக்குக் காந்தப்புலம் என்று பெயர். பொடி வரைந்து காட்டிய அக்கோடுகள் விசைக்கோடுகள் எனப்படும். கண்ணாற் காண இயலாத ஆற்றலைக் கண்ணுக்குக் காட்டும் எளிய சோதனை இது.

காந்தம் இரும்பை ஈர்க்கும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் இவ்வீர்ப்பு உவமையாக எடுத்தாளப்பட்டுள்ளது. அங்கு இரும்பைக் குறிக்கும் சொல் பசாசம் என்பதாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தத்துவ நூல் ஒன்றில் உவமையாகும் அளவுக்கு அச்செய்தி கற்றோரிடையே வழங்கியது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அவ்வீர்ப்பின் காரணத்தை உலகம் அறிந்துகொள்வதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் சென்றன.

ஒரு சட்டக் காந்தத்தை நூலிற் கட்டித் தடையின்றித் தொங்கவிட்டால், அது வடக்குத் தெற்காக நிற்கும். வடக்கு நோக்கும் முனை வடமுனை. தெற்கு நோக்கும் முனை தென்முனை. ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்கும். மாறுபட்ட முனைகள் ஒன்றையொன்று ஈர்க்கும். காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடமுனை தனியாகவும் தென்முனை தனியாகவும் பிரிந்துவிடுமோ எனின், பிரியா. ஒவ்வொரு துண்டும் இரு முனைகளையுடைய முழுக் காந்தமாகவே விளங்கும்.

காந்தவூசி வடக்கு நோக்குவது ஏன்? புவியே ஒரு பெருங்காந்தம் ஆதலால் என்று வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1600-ஆம் ஆண்டில் விளக்கினார். மேலும் கீழும் தடையின்றி அசையுமாறு காந்தவூசியை அமைத்தால், இங்கிலாந்தில் அதன் வடமுனை தரையை நோக்கி மிகவும் சாயும். விருதுநகரிலோ அது ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணம். அதுபற்றியே இந்தியப் புவிக்காந்த ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் அமைந்துள்ளது.

மின்சாரமும் காந்தமும் வெவ்வேறானவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஓர்ஸ்டெட், கம்பி ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்தினார். அருகில் இருந்த காந்தவூசி தன் திசையினின்றும் விலகியது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஊசி பழைய நிலைக்கு மீண்டது. ஓடும் மின்சாரம் தன்னைச் சுற்றிலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்னும் பேருண்மை அன்று வெளிப்பட்டது. கம்பியைச் சுருளாகச் சுற்றி, நடுவே தேனிரும்புத் தண்டைச் செருகி, மின்னோட்டம் செலுத்தினால், அத்தண்டு வலிய காந்தமாகும். ஓட்டம் நின்றவுடன் அவ்வாற்றலைப் பெரிதும் இழக்கும். இதுவே மின்காந்தம். பள்ளியின் மின்மணி ஒலிப்பதும் இதனால்தான்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தம் மின்சாரத்தை உண்டாக்காதோ? இவ்வினாவுக்கு விடை கண்டவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன். இளமையில் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு பெற்றவர். அச்சுத் தொழிலாலும் சிறப்புற்ற சிவகாசியின் சிறுவர் இதனை மறவாதிருத்தல் நன்று. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வைத்துவிட்டால் மின்சாரம் தோன்றுவதில்லை. காந்தத்தை உள்ளே செலுத்தும்போதும் வெளியே இழுக்கும்போதும் தோன்றுகிறது என்று அவர் 1831-இல் கண்டார். காந்தப்புலம் மாறுபடும்போதுதான் மின்சாரம் பிறக்கும் என்பது இதன் கருத்து. மின் நிலையங்களிற் சுழலும் பேரெந்திரங்களும், தெருவோரம் நிற்கும் மின்மாற்றிகளும் இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றன.

மருத்துவத் துறையில் இவ்விதிகளின் பயன் பெரிது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். தசையை ஊடுருவிச் சென்று எலும்பின் நிழலைக் காட்டும் கதிர்கள் அவை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சார்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. விருதுநகரிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. கதிர்ப்படம் எடுக்கும் தொழிலைப் பயில்வோர், எலும்பின் பெயர்களைக் கற்பதோடு காந்தவியலையும் கற்கின்றனர். அதற்குத் தக்க காரணம் உண்டு.

எக்ஸ் கதிர்க் குழாயின் உள்ளே, சூடேறிய கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவை மிகுந்த விரைவோடு சென்று உலோகத் தட்டு ஒன்றில் மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அவ்விரைவைத் தருவதற்கு வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் அழுத்தம் போதாது. பல்லாயிரம் வோல்ட், சிலபோது ஒரு லட்சம் வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். அவ்வாறு அழுத்தத்தை உயர்த்துவது ஃபாரடேயின் விதிப்படி இயங்கும் மின்மாற்றியே. மோதலினால் தட்டில் பெருவெப்பம் எழும். ஒரே இடத்தில் மோதல் நிகழ்ந்துகொண்டிருந்தால் தட்டு உருகிக் கெடும். ஆதலின் அதனை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழலச் செய்வர். குழாயோ காற்றகற்றி அடைக்கப்பட்டது. அதற்குள் கைப்பிடியையோ கயிற்றையோ செலுத்த இயலாது. எனவே குழாய்க்கு வெளியே கம்பிச் சுருள்களை அமைத்துச் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றனர். அப்புலம் கண்ணாடியைக் கடந்து சென்று, தொடாமலே தட்டைச் சுழற்றுகிறது.

இனி, காந்தம் இரும்பை மட்டுமே அறியும் என்று எண்ணுதல் தவறு. இரும்பு, நிக்கல், கோபால்ட்டு ஆகியவை காந்தத்தால் வலிதாக ஈர்க்கப்படும். இவை ஃபெர்ரோ காந்தப் பொருள்கள். அலுமினியம் முதலியன மிக மெல்ல ஈர்க்கப்படும். இவை பாரா காந்தப் பொருள்கள். செம்பு, நீர், அந்துருண்டை முதலியன மிக மெல்ல விலக்கப்படும். இவை டயா காந்தப் பொருள்கள். காந்தத்துக்கு முற்றிலும் அயலாக நிற்கும் பொருள் உலகில் இல்லை என்றே கூறலாம்.

இந்த மெல்லிய விளைவுகளை நுட்பமாக அளந்து உலகப் புகழ் பெற்றவர் விருதுநகர் மாவட்டத்து மைந்தரே ஆவார். அவர் கே. எஸ். கிருஷ்ணன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டில் பிறந்தார். அவ்வூர் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல். கிருஷ்ணன் வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியும், மதுரையிலும் சென்னையிலும் கல்லூரிக் கல்வியும் பெற்றார். பின்னர்க் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனோடு ஆராய்ந்தார். 1928-இல் வெளியான இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் அவர் பங்கு பெரிது. அவ்வாண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றார். படிகங்களின் காந்த இயல்பை ஆராயும் பணியை அங்கேதான் தொடங்கினார்.

அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. சிறிய படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்சு இழையில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தின் நடுவே நிறுத்தினார். படிகம் மெல்லத் திரும்பிப் புலத்துக்கு ஏற்ற ஒரு திசையில் நிலைபெற்றது. இழையின் மேல் முனையை முறுக்கி, எவ்வளவு முறுக்கினால் படிகம் அந்நிலையை விட்டுப் புரளும் என்று அளந்தார். எல்லாத் திசையிலும் படிகத்தின் காந்த இயல்பு ஒரே அளவினதாக இல்லை என்பதை அம்முறுக்கின் அளவு காட்டிற்று.

அந்துருண்டையாக நாம் அறிந்த நாப்தலீனின் மூலக்கூறு, தட்டையான தகடு போன்றது. அதன் வளையங்களில் எலெக்ட்ரான்கள் சுற்றி வருதலால், தகட்டுக்குச் செங்குத்தான திசையில் டயா காந்த இயல்பு மிகுந்திருக்கும். ஆகவே படிகம் திரும்பும் தன்மையை அளந்து, அதனுள்ளே தகடுகள் எப்பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்று கணக்கிடலாம். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் அமைப்பை ஆராய்ந்தோர்க்கு இவ்வளவைகள் பெருந்துணையாயின. உடைத்துப் பாராமலே ஒரு பொருளின் உள்ளமைப்பை அறியக் காந்தம் உதவும் என்பதைக் கிருஷ்ணனின் இழையும் படிகமும் மெய்ப்பித்தன. 1940-இல் அவர் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார், 1947-இல் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், 1961-இல் மறைந்தார்.

மனித உடலின் உள்ளமைப்பையும் இன்று காந்தத்தின் துணைகொண்டு காண்கின்றனர். எம்.ஆர்.ஐ. என மக்கள் வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படக் கருவியில் எக்ஸ் கதிர் இல்லை. நம் உடம்பிற் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. ஹைட்ரஜனின் அணுக்கரு ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தம் போன்றது. வலிய காந்தப்புலத்தில் நிறுத்தப்பட்ட அவ்வணுக்கருக்கள், வானொலி அலையால் தூண்டப்பெற்று, அதனை நிறுத்தியதும் மெல்லிய அலைகளைத் திருப்பித் தருகின்றன. அவ்வலைகளைக் கொண்டு மூளை, தண்டுவடம், மூட்டு முதலியவற்றின் படம் வரையப்படுகிறது.

அக்கருவிகள் பலவற்றின் புலம் 1.5 டெஸ்லா அளவினது. இது நம் பகுதியில் உள்ள புவிக் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. இதனை உண்டாக்கும் சுருள், திரவ ஹீலியத்தால் ஏறத்தாழ -269 டிகிரி செல்சியசு வரை குளிர்விக்கப்பட்டது. அந்நிலையில் அதிலுள்ள மின்னோட்டம் தடையின்றி ஓடிக்கொண்டே இருக்கும். ஆதலின் படம் எடுக்காத வேளையிலும் காந்தம் உறங்குவதில்லை. இரவில் விளக்கணைத்துச் சென்றாலும் அதன் ஆற்றல் குறையாது. இரும்பாலான சக்கர நாற்காலியையோ வாயு உருளையையோ அறியாமல் உள்ளே கொண்டுசென்றால், அது எறிபடைபோற் பாய்ந்து ஆளைக் கொல்லும்.

மற்றோர் இடரும் உண்டு. கடைசற் பட்டறையிலும் சாணை பிடிக்கும் இடத்திலும் பணிபுரிவோர் கண்ணில் இரும்புத் துகள் தெறித்துத் தங்கிவிடுதல் உண்டு. நாள் சென்றபின் அதனை அவரே மறந்துவிடுவர். அத்தகையோரை அக்காந்தத்தினுள் செலுத்தினால், துகள் கண்ணுக்குள் அசைந்து பார்வையைப் போக்கிவிடக்கூடும். ஆகவே படமெடுப்போர் முதலில் கேட்கவேண்டிய வினாக்களுள் ஒன்று, கண்ணில் எப்போதேனும் இரும்புத் துகள் புகுந்ததுண்டோ என்பது. ஐயம் எழுமாயின் முன்னதாகக் கண்ணை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பர். பட்டறையும் தொழிற்கூடமும் நிறைந்த ஊர்களில் அவ்வினாவை ஒருவரிடமும் கேளாமல் விடுதலாகாது.

பட்டாசு செய்யும் அறையிலும் இரும்புக் கருவிக்கு இடமில்லை. அங்கு அஞ்ச வேண்டியது காந்தத்தை அன்று. இரும்பு மோதுண்டு உராயும்போது தெறிக்கும் தீப்பொறியை. ஆதலால் பித்தளை, அலுமினியம், மரம் ஆகியவற்றாலான கருவிகளையே கையாள வேண்டும். செயற்கை இழை ஆடை உராய்ந்தால் உடலில் மின்சாரம் தேங்கும். அது திடீரெனப் பாயும்போது எழும் சிறு பொறியும் மருந்தைப் பற்றவைத்துவிடும். ஆதலால் பருத்தி ஆடை உடுத்தலும், நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுத் தேங்கிய மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுதலும் அங்கு இன்றியமையாதவை.

தேங்கி நிற்கும் மின்சாரம் பொறியாகி மருந்தறையை அழிக்க வல்லது. ஓடும் மின்சாரம் காந்தமாகி நோயாளியின் உள்ளுறுப்பைக் காட்ட வல்லது. இவ்விரண்டின் இயல்பையும் அறிந்தவர், விதிகளைப் பிறர் ஏவலுக்காகப் பின்பற்றாமல், காரணம் உணர்ந்து பின்பற்றுவர். இரும்புப் பொடி தூவிய ஒரு தாளில் அவ்வறிவின் முதற்பாடத்தைப் பள்ளி மாணவர் எவரும் தொடங்கலாம். கிருஷ்ணன் போன்ற பேரறிஞரும் இப்பகுதியின் பள்ளிகளிலேயே தம் கல்வியைத் தொடங்கினர்.