ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்: கடைக் கணக்குக்குச் சேதமின்றிச் செய்வது எப்படி?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே (அல்பகரா 282) அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். அன்று ஏட்டில் எழுதினோம். இன்று கணனியில் எழுதுகிறோம். ஆகவே கடைக் கணனியைப் பாதுகாப்பதும் அமானிதம் பேணுவதில் அடங்கும்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ முடியாது. கணக்கு மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. அதே வன்தட்டில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை இரண்டாவதாக நிறுவி, இணையம், மின்னஞ்சல், வங்கி அலுவல்களை அதில் செய்யலாம். விண்டோஸை இணையத்தில் தொடுக்காமல் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். திருட்டுப் பிரதியை நாட வேண்டிய தேவையும் இல்லை.

நான்கு துண்டுக் காணி

பழைய வன்தட்டுகள் பெரும்பாலும் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டவை. தட்டின் முதல் 512 பைட்டில் பிரிவுகளைப் பதியும் அட்டவணைக்கு 64 பைட்டே உண்டு. ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரிவுகளையே பதியலாம். நான்கு துண்டுகளுக்கு மட்டும் உறுதி எழுதக்கூடிய காணி போன்றது இது. கூடுதல் துண்டு வேண்டுமாயின் ஒன்றை 'எக்ஸ்டென்டட்' பிரிவாக்கி, அதற்குள் 'லொஜிக்கல்' பிரிவுகளை அமைக்க வேண்டும். இவற்றுக்கு லினக்ஸ் 5 இலிருந்து இலக்கமிடும்.

கணனி தொடங்கும்போது விண்டோஸின் எம்.பி.ஆர். நிரல், அந்த நான்கில் 'அக்டிவ்' என்று குறித்த பிரிவை மட்டுமே தேடும். லொஜிக்கல் பிரிவு அதன் கண்ணில் படாது. 'கிரப்' எனும் தொடக்க நிரலை எம்.பி.ஆரில் வைத்தால், அது லொஜிக்கல் பிரிவையும் வாசித்து லினக்ஸைத் தொடக்கும். விண்டோஸுக்கு இது பொருந்தாது. அதன் கோப்புகள் லொஜிக்கல் பிரிவில் இருக்கலாம். தொடக்கக் கோப்புகள் மட்டும் அக்டிவ் பிரைமரி பிரிவில் இருந்தேயாக வேண்டும்.

செய்யும் முறை

1. கணக்குகளை வெளி வன்தட்டில் பிரதி எடுங்கள். வேறொரு கணனியில் திறந்து பார்த்த பின் அதைக் கழற்றி வையுங்கள்.

2. விண்டோஸின் 'டிஸ்க் மெனேஜ்மென்ட்'டில் தட்டு எம்.பி.ஆரா ஜி.பி.டி.யா என்று பாருங்கள். ஜி.பி.டி. எனில் எக்ஸ்டென்டட் பிரிவே தேவையில்லை.

3. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை நிறுத்தி, 'ஷ்ரிங்க்' மூலம் 40 ஜிபி அளவு இடத்தை விடுவியுங்கள். ஏற்கனவே நான்கு பிரைமரி பிரிவுகள் இருந்தால் அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாது. 'டைனமிக்' ஆக மாற்றவா என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். ஒரு தரவுப் பிரிவைப் பிரதி எடுத்து நீக்கி, அவ்விடத்தை எக்ஸ்டென்டட் ஆக்குங்கள்.

4. லினக்ஸ் மின்டை பென் டிரைவிலிருந்து இயக்கி, நிறுவுமுன் உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

5. நிறுவும்போது 'சம்திங் எல்ஸ்' என்பதைத் தெரிந்து, வெற்றிடத்தில் லொஜிக்கல் பிரிவொன்றை எக்ஸ்ட்4 வகையில் அமையுங்கள். கிரப்பை அப்பிரிவுக்கு அல்ல, முழுத் தட்டுக்கே கொடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

லினக்ஸ் விண்டோஸின் கோப்புகளை வாசிக்கும். விண்டோஸ் எக்ஸ்ட்4 ஐத் தானாக வாசிக்காது. எனவே கணக்குக் கோப்புகள் விண்டோஸ் பிரிவிலேயே இருக்கட்டும்.

லினக்ஸ் சர்வதேச நேரத்தையும் விண்டோஸ் உள்நாட்டு நேரத்தையும் கணனிக் கடிகாரத்தில் வைப்பதால், சில வேளை விண்டோஸில் 5.30 மணித்தியாலம் பின்தங்கிக் காட்டும். இதைத் திருத்தாவிட்டால் பில்லில் பிழையான நேரம் பதியும். லினக்ஸையும் உள்நாட்டு நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

பின்னர் லினக்ஸ் வேண்டாமென்று அதன் பிரிவை மட்டும் அழித்துவிட்டால் கிரப் தடுமாறி விண்டோஸும் தொடங்காது. முதலில் விண்டோஸ் நிறுவல் தட்டிலுள்ள 'பூட்ரெக்' கட்டளையால் எம்.பி.ஆரைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். எக்ஸ்டென்டட் பிரிவை அழித்தால் அதற்குள் இருக்கும் அனைத்தும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நோன்பு, பெருநாள் வியாபாரம் சூடுபிடிக்கும் நாட்களில் இவ்வேலையில் கை வைக்காதீர்கள். வியாபாரம் ஓய்ந்த ஒரு நாளில், பிரதி கையில் இருக்கும்போது நிதானமாகச் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் அல்லவா?