இலாபம் உண்டு, ரொக்கம் எங்கே?



"காக்கா, இலாப நட்டக் கணக்கில் 40,000 வெள்ளி இலாபம் என்கிறீர்கள். கல்லாவிலும் பேங்கிலும் சேர்த்து 4,000 தானே இருக்கிறது?" என்று கூட்டாளியான தம்பி கேட்கிறார். கேள்வி நியாயமே. பதில் சொல்லத் தெரியாமல் பிரிந்துபோன கூட்டுகள் உண்டு. பதில் தருவது ரொக்கப் பாய்வு அறிக்கை. வந்ததையும் போனதையும் தனித்தனியே கூட்டுவது நேர்முறை. இலாபத்தில் தொடங்கி ரொக்கத்துக்கு வந்து சேர்வது மறைமுக முறை. இதற்கு இலாப நட்டக் கணக்கும், சென்ற ஆண்டு, இவ்வாண்டு ஐந்தொகைகளும் வேண்டும்.

முதற்படி, வியாபாரம்:
இலாபம் 40,000.
தேய்மானம் 6,000, கூட்டுக. வேனும் குளிர்பெட்டியும் பழசானதற்கு எழுதிய செலவு. யாருக்கும் கொடுத்த பணமன்று.
சரக்கு கூடியது 25,000, கழிக்க. பணம் மூட்டையாகக் கிடக்கிறது.
வரவேண்டிய கடன் கூடியது 18,000, கழிக்க. விற்றோம், பணம் வரவில்லை.
கொடுக்கவேண்டிய கடன் கூடியது 9,000, கூட்டுக. சரக்கு வந்தது, பணம் இன்னும் போகவில்லை.
வியாபாரத்தில் வந்த ரொக்கம் 12,000.

இரண்டாம் படி, முதலீடு: புது வேன் வாங்கியது 30,000, கழிக்க.

மூன்றாம் படி, முதலும் கடனும்: உறவினர் தந்த அழகிய கடன் 20,000, கூட்டுக. பங்குதாரருக்குப் பிரித்தது 8,000, கழிக்க. மிச்சம் 12,000.

மூன்றையும் சேர்த்தால் 6,000 குறைவு. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தது 10,000. ஆகவே முடிவில் 4,000. கல்லாவையும் பேங்குக் கணக்கையும் பாருங்கள், ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. தேடிப் பிடிக்க வேண்டும்.

இப்பொழுது தம்பிக்குப் பதில் கிடைத்தது. பணத்தை யாரும் எடுக்கவில்லை. கிடங்கிலும் கடன் புத்தகத்திலும் வேனிலும் இருக்கிறது. காக்காவுக்கும் ஒரு பாடம் உண்டு: சரக்கிலும் கடனிலும் 43,000 முடங்கியிருக்கையில், கடன் வாங்கி வேன் வாங்கியது அவசரம். இலாபத்தை நம்பிச் செலவு செய்தால், சம்பள நாளன்று கை பிசைய நேரும். ரொக்கம் குறைவென்று சரக்கின் மீதுள்ள ஜகாத்தும் நீங்கிவிடாது.

திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282), கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. எழுதுவது சந்தேகத்தை நீக்கும். இவ்வாண்டுக் கணக்கை முடிக்கும்போது இந்த ஒரு தாளையும் எழுதிக் கூட்டாளியின் கையில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், கூட்டு நிலைக்கும்.