தோற்றவருக்கும் ஓர் இருக்கை

நுழையும்முன்

போரும் பொருளாதார வீழ்ச்சியும் எல்லா நாடுகளுக்கும் வருவனவே. அவ்வேளையில் சில நாடுகளில் மக்கள் ஒருவரையொருவர் கொன்று குவிக்கின்றனர். நிலைபெற்ற மக்களாட்சி நாடுகளிலோ பூசல் பெரும்பாலும் சொல்லளவில் நின்றுவிடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தைப் பின்லாந்தின் வரலாறு விளக்குகிறது.

முதல் நெருக்கடி

பின்லாந்து 1917 டிசம்பர் 6ஆம் நாள் ரஷ்யாவிடமிருந்து விடுதலையை அறிவித்தது. இரண்டு மாதங்கள் நிறையும் முன்னரே உள்நாட்டுப் போர் மூண்டது. தொழிலாளரும் நிலமற்ற உழவரும் செங்காவலர் பக்கமும், நிலவுடைமையாளரும் நடுத்தர வகுப்பினரும் வெண்காவலர் பக்கமும் பெரும்பாலும் திரண்டனர். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 36 ஆயிரம் பேர் வரை மாண்டனர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள்.

அந்நாட்டில் 1906 முதலே அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆயினும் நாடாளுமன்றத்தை ரஷ்யப் பேரரசர் மீண்டும் மீண்டும் கலைத்தார். வாக்களித்தும் உழவருக்கு நிலம் கிடைக்கவில்லை. பேரரசு வீழ்ந்தபின் பொதுவான படையும் இல்லாமற்போகவே, இரு தரப்பும் தத்தமக்கெனக் காவற்படைகளை அமைத்துக்கொண்டன. வாக்குரிமை மட்டும் மக்களாட்சி ஆகிவிடாது என்பதை இது உணர்த்துகிறது.

காயம் ஆற்றிய சட்டங்கள்

போரில் வெண்காவலர் வென்றனர். எனினும் தோற்றவர்களின் சமூக ஜனநாயகக் கட்சி 1919 தேர்தலில் போட்டியிட்டு, 200 இடங்களில் 80 இடங்களைப் பெற்றது. குத்தகை உழவர் தாம் உழுத நிலத்தை விலைக்குப் பெற 1918இல் ஒரு சட்டமும், நிலமற்றோர் நிலம் பெற 1922இல் மற்றொரு சட்டமும் வழிசெய்தன. 1926இல் அக்கட்சியின் வைனோ டானர் தலைமை அமைச்சரானார். மறு ஆண்டு மே மாதம், குடியரசுத் தலைவர் நோயுற்றிருந்ததால், வெண்காவலரின் வெற்றிநாள் அணிவகுப்பு மரியாதையை டானரே ஏற்றுக்கொண்டார். தோற்ற தரப்பின் தலைவருக்கு வென்ற தரப்பின் வீரர்கள் வணக்கம் செலுத்தினர்.

இரண்டாம் நெருக்கடி

உலகப் பொருளாதார வீழ்ச்சி நாட்டை வாட்டிய 1932ஆம் ஆண்டில், வலதுசாரிகள் மேன்ட்சாலா என்னும் ஊரில் ஆயுதங்களுடன் கூடி, அரசு பதவி விலக வேண்டுமென்றனர். குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுவூட் 1918இல் வெண்காவலர் அரசுக்குத் தலைமை தாங்கியவர். கிளர்ச்சியாளரோ அவருடைய பழைய ஆதரவாளர்கள். ஆயினும் அவர் சட்டத்தின் பக்கமே நின்றார். வீடு திரும்பும் வீரர்கள் தண்டிக்கப்படமாட்டார்கள். தலைவர்கள் மட்டுமே பொறுப்பேற்க வேண்டும் என வானொலியில் அறிவித்தார். படையும் அரசுக்குக் கட்டுப்பட்டு நின்றது. கூடியவர்கள் கலைந்தனர், தலைவர்கள் கைதாயினர், உள்நாட்டுப் போர் மூளவில்லை.

போரைத் தவிர்த்தவை

தோற்றவருக்கு அடுத்த தேர்தல் உண்டு என்னும் நம்பிக்கை, குறைகளைச் சட்டத்தால் தீர்க்கும் வழி, ஒரே அரசுக்குக் கட்டுப்பட்ட படை ஆகிய மூன்றும் 1918இல் இல்லை, 1932இல் இருந்தன. இன்று தோற்றாலும் நாளை வெல்லலாம் என நம்புபவர் ஆயுதம் ஏந்தத் தயங்குவர்.

இம்மாற்றம் குறையற்றதன்று. பொதுவுடைமையாளர்களின் அரசியல் செயல்பாடு 1930இல் தடைசெய்யப்பட்டது. எனினும் 1939 நவம்பரில் சோவியத் ஒன்றியம் படையெடுத்தபோது, இருபத்தோராண்டுகளுக்கு முன் எதிரெதிரே நின்ற இரு தரப்பினரும் ஒரே படையில் தோளோடு தோள் நின்றனர். வென்றவர் தோற்றவருக்கு அவையில் இடமளித்ததன் பயனை அன்று நாடே கண்டது.

தெரிந்து தெளிவோம்

ஐரோப்பாவில் பெண்களுக்கு முதன்முதலில் நாடாளுமன்ற வாக்குரிமை வழங்கிய நாடு பின்லாந்து. 1907இல் நடைபெற்ற தேர்தலில் பெண்கள் 19 பேர் வெற்றி பெற்றனர்.

கற்பவை கற்றபின்

1. 'தேர்தலில் தோற்றவர் ஆற்ற வேண்டிய கடமைகள்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
2. பின்லாந்தின் 1918, 1932 ஆகிய ஆண்டுகளின் நிலைகளை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.