போன பணம் திரும்பி வரும் வழி: ரோட்டரி சங்கங்களின் நிதி திரட்டல்

பெரிய தொண்டு அமைப்புகளில் கொடையாளரை முகம் பார்த்து அறிந்திருப்பது ஊர்க் கிளை. கணக்கைக் காப்பதும் பெரிய திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவதும் தலைமையகம். வசூலான பணம் யாருடையது என்ற சச்சரவு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முளைக்கிறது. ரோட்டரி இயக்கத்தில் 45,000-க்கும் மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிப் பொருளாளர், தனி வங்கிக் கணக்கு. உறுப்பினர் சந்தா கட்டாயம். ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆணையிட்டு வசூலிக்க முடியாத இடத்தில் கேட்டு வாங்குவதற்கான முறைகளை அந்த இயக்கம் நூறாண்டுப் பழக்கத்தில் கற்றிருக்கிறது.

அறக்கட்டளையின் தொடக்கம் மிகச் சிறியது. 1917-இல் அட்லாண்டாவில் நடந்த ரோட்டரி மாநாட்டில் அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ப், உலக நன்மைக்கென நிலையான நிதி ஒன்று வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு கான்சஸ் சிட்டி சங்கம் முதல் நன்கொடையாக 26.50 டாலர் அனுப்பியது. அதன் பிறகு பல ஆண்டுகள் நிதி நத்தை வேகத்தில்தான் வளர்ந்தது. நல்ல நோக்கம் இருந்தும், அனுப்பிய பணத்தால் தங்களுக்கு என்ன என்ற கேள்விக்குச் சங்கங்களுக்கு அன்று தெளிவான விடை இல்லை.

‘ஷேர்’ எனப்படும் பங்கீட்டு முறை அந்த விடையைத் தந்தது. ஒரு ரோட்டரி மாவட்டத்துச் சங்கங்கள் (மாவட்டம் என்பது இங்கே பல சங்கங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்குத் தரும் பணம் மூன்றாண்டுகள் முதலீட்டில் இருக்கும். பிறகு ஏறத்தாழ பாதி உலக நிதிக்குப் போகும். மறுபாதி அந்த மாவட்டமே செலவிட அதன் கணக்கில் சேரும். இன்று இரண்டு லட்சம் டாலர் திரட்டிய மாவட்டம், மூன்றாண்டு கழித்துச் சுமார் ஒரு லட்சம் டாலர் தன் கைக்கு வரும் என்று இன்றே எழுதி வைத்துக்கொள்ளலாம். இடைக்காலத்தில் கிடைக்கும் முதலீட்டு வருவாய் நிர்வாகச் செலவுக்கு உதவுகிறது. எவ்வளவு திரும்பும், எப்போது திரும்பும் என்ற இரண்டும் முன்கூட்டியே தெரிந்தால் கிளைகள் தயங்காமல் கொடுக்கும். சதவீதம் கூடுதலா குறைவா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

இதில் ஒரு குறையும் உண்டு. ரோட்டரியில் ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் தலைவர்கள் மாறுகிறார்கள். அலைந்து திரிந்து பணம் சேர்த்த தலைவரின் காலம் எப்போதோ முடிந்திருக்க, மூன்றாவது வாரிசுக்குத்தான் அந்தப் பணம் கிடைக்கிறது. புதிய தலைவர் அது மேலிடம் கொடுத்த கொடை என்றே நினைப்பார். மருத்துவமனைக்கு டயாலிசிஸ் இயந்திரம் வழங்கும் விழாவில், அது எந்த ஆண்டு உறுப்பினர்கள் தந்த பணம் என்று மேடையில் சொல்லும் சங்கங்களில் அடுத்த வசூல் எளிதாகிறது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

பணம் திரும்புவது மாவட்டத்துக்கு, தனிச் சங்கத்துக்கு அல்ல. அதனால் நிறையக் கொடுத்த சங்கம் காத்திருக்க, எதுவும் கொடுக்காத சங்கம் மானியம் கேட்டு முன்னால் நிற்பது உண்டு. ஒதுக்கீட்டு விதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாச் சங்கங்களுக்கும் எழுத்தில் அனுப்பிவிடும் மாவட்டங்களில் இந்தப் புகார் குறைவு. விண்ணப்பங்கள் வந்த பிறகு வகுக்கும் விதி, எவ்வளவு நியாயமாக இருந்தாலும், வேண்டியவருக்காக வகுத்ததாகவே தோன்றும்.

பெரிய திட்டங்களுக்கு அறக்கட்டளை தரும் உலக மானியத்துக்கான குறைந்தபட்சத் திட்ட மதிப்பு 30,000 டாலர். உள்ளூர்ச் சங்கத்துடன் வேறொரு நாட்டுச் சங்கமும் சேர வேண்டும். சிறு ஊர்ச் சங்கத்துக்கு இது தனியாக எட்டாத தொகை என்பதால் பக்கத்துச் சங்கங்களோடு கை கோக்க நேர்கிறது. ஒத்துழைப்பை வலியுறுத்தும் சுற்றறிக்கைகள் செய்யாததை இந்த ஒரு வரம்பு செய்துவிடுகிறது. மானியம் பெற விரும்பும் சங்கம் ஆண்டுதோறும் பயிற்சிக்கு ஆள் அனுப்பி, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தகுதி பெற வேண்டும். பயிற்சி எடுத்தவரும் ஓராண்டில் பொறுப்பிலிருந்து இறங்கிவிடுவதால், அடுத்து வரப்போகும் பொருளாளரையும் சேர்த்து அனுப்புவது புத்திசாலித்தனம்.

கொடையாளர் பட்டியல் பல சங்கங்களுக்குப் பொதுவாக இருக்கும் ஊர்களில் சிக்கல் வேறு விதம். கோவை, திருப்பூர் போன்ற நகரங்களில் சங்கங்கள் அருகருகே இயங்குகின்றன. ஒரே வாரத்தில் மூன்று சங்கத்தார் ஒரே ஆலை முதலாளியின் அலுவலகத்தில் காத்திருந்தால், மூவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிடுவார். யார் யாரைப் பார்ப்பது என்று முன்பே பிரித்துக்கொண்டு, அவரை நன்கு தெரிந்த ஒருவர் மட்டும் போய்ப் பெரிய தொகையாகக் கேட்பதே பலன் தரும். வசூலான தொகையை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் போவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

நாட்காட்டியும் ஒரு தலைவலி. ரோட்டரி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. இந்திய நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. சங்கங்கள் இலக்கை எட்ட ஜூன் கடைசி வாரத்தில் ஓடும்போது, வரிச்சலுகையை நினைத்துக் கொடுக்கக்கூடியவர் தன் கொடையை மார்ச்சிலேயே வேறிடத்தில் கொடுத்து முடித்திருப்பார். நவம்பர் ரோட்டரி அறக்கட்டளை மாதம். அப்போது பேச்சைத் தொடங்கி மார்ச்சுக்குள் வாங்கி முடிக்கும் பொருளாளருக்கு ஜூனில் வேலை குறைவு. ஆயிரம் டாலர் தந்தவருக்குக் கிடைக்கும் ‘பால் ஹாரிஸ் ஃபெல்லோ’ சிறப்பும் டாலர் கணக்கிலேயே இருப்பதால், ரூபாய் மதிப்பு சரியும்போதெல்லாம் அதன் விலை ஏறுகிறது. தவணையில் கட்ட வழி செய்யும் சங்கங்களில் நடுத்தர வருவாய் உறுப்பினர்களும் அதை எட்டுகிறார்கள்.

திரும்பி வராத பணத்தையும் சங்கங்கள் மனமாரக் கொடுத்ததுண்டு. 1985-இல் தொடங்கிய போலியோ பிளஸ் இயக்கத்துக்கு 12 கோடி டாலர் இலக்கு வைத்தார்கள். சேர்ந்தது அதைப் போல இரு மடங்குக்கும் மேல். இந்த நிதி பங்கீட்டு முறைக்குள் வராது. ஆனால் நோக்கம் ஒன்றே, இலக்குத் தொகை ஒன்றே; சொட்டு மருந்து முகாமோ இந்தியாவில் ஒவ்வொரு உறுப்பினரின் ஊரிலும் நடந்தது. 2017-இல், ரோட்டரி திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் சேர்ப்பதாக கேட்ஸ் அறக்கட்டளை அறிவித்தது. ரோட்டரியின் பங்குக்கு ஆண்டு உச்சவரம்பு 5 கோடி டாலர். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்காசிய மண்டலம் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொடுத்ததன் பயன் கண் முன்னால் தெரிந்தபோது பங்கு கேட்டு யாரும் நிற்கவில்லை.

இந்தியாவில் இயங்கும் எந்தப் பல்கிளை அமைப்பும் சட்டத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. கிளை தனிப் பதிவு பெற்றிருந்தால் சட்டத்தின் பார்வையில் அதுவும் வேறோர் அமைப்பே. வரிச்சலுகை ரசீதும் அப்படித்தான்: அதற்குரிய பதிவு எந்த அமைப்பின் பெயரில் இருக்கிறதோ அதன் ரசீது மட்டுமே செல்லும். பதிவு இல்லாத கிளையின் பொருளாளர் கையெழுத்திட்ட சீட்டு கொடையாளருக்கு வரிக் கணக்கில் உதவாது.