வோக்கிங் ரயிலடியில் ஒரு நாத்திகர்

அன்புள்ள கதிரவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதிப் பட்டிமன்றத்தில் ‘நாத்திகம் பேசுவோரும் மத அடிப்படைவாதிகளும் ஒரே வார்ப்பே’ என்ற அணியில் பேச உன்னை இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். ‘ரெண்டு பேருமே மத்தவங்களைத் தங்கள் பக்கம் இழுக்கத்தானே பார்க்கிறாங்க, அப்புறம் என்ன வித்தியாசம் ஐயா?’ என்று கடைசியில் ஒரு கேள்வி போட்டிருந்தாய். அது என்னை விடவில்லை.

‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொல்பவருக்கு நடுநிலையாளர் என்ற பெயர் கிடைக்கிறது. யோசிக்கும் வேலையும் மிச்சமாகிறது. பிறர் மனத்தை மாற்ற முயல்வதே தவறென்றால் ஆசிரியர், வக்கீல், தேர்தலில் நிற்பவர் எல்லாரும் தவறு செய்கிறவர்கள்தாம். பட்டிமன்ற மேடையேறும் நீயும் அதே பட்டியலில் சேர்ந்துவிடுவாய். யார் இழுக்கிறார், எவ்வளவு உரக்க இழுக்கிறார் என்பதை விட்டுவிடு. வர மறுத்தவருக்கு என்ன நேர்கிறது என்று பார். இந்த விஷயத்தில் நான் நம்புகிற அளவுகோல் அது ஒன்றுதான்.

‘சத்திய சோதனை’ உன் வீட்டு அலமாரியில் இருக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கிறது, படித்தவர்தான் குறைவு. முதல் பாகத்தில், லண்டனில் மதங்களோடு தமக்கு ஏற்பட்ட பழக்கத்தைக் காந்தி சொல்லும் அத்தியாயத்தை எடு. 1891 ஜனவரி 30ஆம் தேதி சார்லஸ் பிராட்லா இறந்துபோனார். இங்கிலாந்து முழுவதும் பெயர் தெரிந்த நாத்திகர் அவர். வோக்கிங் அருகே நடந்த அடக்கத்துக்கு இருபத்தொரு வயது மாணவரான காந்தியும் போனார். லண்டனில் இருந்த இந்தியர் அனைவருமே போயிருப்பார்கள் என்று எழுதுகிறார். பாதிரிமார் சிலரும் கடைசி மரியாதை செலுத்த வந்திருந்தார்கள். திரும்பும்போது ரயிலுக்காகக் காத்திருந்த இடத்தில், கூட்டத்திலிருந்த தீவிர நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரை மடக்கத் தொடங்கினார். கடவுள் உண்டென்று நம்புகிறீரா என்றார். பாதிரியார் தாழ்ந்த குரலில் ஆமென்றார். பூமியின் சுற்றளவு 28,000 மைல் என்பதை ஒப்புக்கொள்கிறீரா? ஒப்புக்கொண்டார். அப்படியானால் உம் கடவுளின் அளவு என்ன, அவர் எங்கே இருக்கிறார்? நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று பாதிரியார் சொல்ல, என்னைக் குழந்தையென்று நினைத்தீரா என்று கேட்டுவிட்டு, வென்றுவிட்ட பார்வையோடு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாராம் அந்த நாத்திகர். பாதிரியார் பேசாமல் நின்றார். நாத்திகத்தின் மேல் தமக்கிருந்த வெறுப்பு இதனால் இன்னும் கூடிப்போயிற்று என்கிறார் காந்தி.

அறிவியலின் பேரால் வாதிட வந்தவருக்குப் பூமியின் சுற்றளவே சரியாகத் தெரியவில்லை. அது 25,000 மைலுக்குச் சற்றுக் குறைவு. அதைவிட எனக்குக் கோபம் வருவது, அன்று யாருடைய அடக்கத்துக்கு வந்திருந்தாரோ அந்த மனிதரின் வழியையே அவர் மறந்து நின்றதுதான்.

பிராட்லாவைப் பற்றி உன் பாடப்புத்தகம் எதுவும் சொல்லியிருக்காது. 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், சபை மறுத்தது. சரி, சத்தியமே செய்கிறேன் என்று முன்வந்தார். நாத்திகன் சத்தியம் செய்யக்கூடாது என்று அதையும் மறுத்தது. சபையைவிட்டு வெளியேற மறுத்ததற்காக ஓரிரவு நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அடைத்து வைத்தார்கள். இருக்கை பறிபோகப் போக நார்த்தாம்ப்டன் மக்கள் மறுபடி மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் உள்ளே உட்கார முடிந்தது. உட்கார்ந்தவர் செய்த வேலையைப் பார்: 1888இல் சத்தியப் பிரமாணச் சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறியது. விரும்புகிறவர் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். விரும்பாதவர் உறுதி கூறலாம். தமக்கு ஆறு ஆண்டு கதவடைத்தவர்களின் பிரமாணத்தை அவர் ஒழிக்கவில்லை; பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்தார். நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இந்த இரண்டு வழியும் இருக்கின்றன. 1967இல் அண்ணாவின் அமைச்சரவை ‘உளமார உறுதி கூறி’ப் பதவியேற்றது அந்த இரண்டாவது வழியில்தான்.

அன்னி பெசண்ட் கதையும் இதோடு சேர்ந்தது. பிராட்லாவோடு தோளோடு தோள் நின்று நாத்திகம் பேசியவர் அவர். 1877இல் குடும்பக் கட்டுப்பாட்டு நூல் ஒன்றை வெளியிட்டதற்காக இருவரும் ஒன்றாகவே கூண்டில் நின்றார்கள். 1889இல் பெசண்ட் தியசாபி என்னும் பிரம்மஞான சபையின் பக்கம் போய்விட்டார். பின்னாளில் நம் அடையாற்றுக்கே வந்து அந்தச் சபையின் தலைவரானார். உயிர்த் தோழி கொள்கையைக் கைவிட்டுப் போனபோது பிராட்லா என்ன செய்தார்? வருந்தினார். வருத்தத்தைத் தம் ‘நேஷனல் ரிஃபார்மர்’ பத்திரிகையில் எழுதினார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. விலகிப்போனவரைச் சாதியிலிருந்தும் சபையிலிருந்தும் தள்ளி, வீட்டாரையும் பேசவிடாமல் தடுத்து, மறுமையில் எரிவாய் என்று சபிக்கிற வழக்கத்தை இதனோடு வைத்துப் பார், தம்பி. இரண்டும் ஒன்றா?

இனி மறுபக்கம். அதே ‘சத்திய சோதனை’யில், 1893இல் பிரிட்டோரியாவில் கோட்ஸ் என்ற குவேக்கர் நண்பர் வருகிறார். காந்தியைக் கிறிஸ்தவராக்கிவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையான தவிப்பு. ஒருநாள் காந்தியின் கழுத்தில் கிடந்த துளசி மணிமாலையைப் பார்த்து, இந்த மூடநம்பிக்கை உமக்குத் தகாது, அறுத்துவிடுகிறேன் என்கிறார். காந்தி விடவில்லை. அதன் மகிமை தமக்குத் தெரியாதென்றும், அம்மா அன்போடு போட்டது என்பதால் தக்க காரணமில்லாமல் கழற்றமாட்டேன் என்றும், அதுவாக நைந்து அறுந்துபோனால் வேறு மாலை தேடமாட்டேன் என்றும் சொல்கிறார். கோட்ஸின் நம்பிக்கைப்படி கிறிஸ்துவை ஏற்காதவருக்கு மீட்சியே கிடையாது. ஆனாலும் அவர் கை மாலைக்குப் போகவில்லை, நட்பும் முறியவில்லை. காந்தி அவரைப் பற்றி எழுதும் வரிகளில் அன்பு இருக்கிறது. ரயிலடி நாத்திகரின் பெயர்கூட அந்தப் புத்தகத்தில் இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு. நண்பர்கள் இதை என் பைத்தியம் என்பார்கள். மதவாதி கையில் நரகம் இருக்கிறது. நாத்திகரிடம் நரகம் இல்லை. அதனால் அவர் ஏளனத்தைக் கையில் எடுக்கிறார். ஏளனம் என்பது இந்த உலகத்திலேயே கட்டிய சிறு நரகம். நாலு பேர் நடுவில் ஒருவரைச் சிறுக வைத்து ஒப்புக்கொள்ளச் செய்வது, அச்சுறுத்தி ஒப்புக்கொள்ளச் செய்வதன் தங்கை முறை. என் நாத்திக நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சண்டையே போட்டிருக்கிறேன். ஏளனம் கேட்டுத் திருந்தியவனைக் காட்டு என்றால் எவரும் காட்டுவதில்லை. மணிமேகலை வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேட்கும் காதை உனக்கு மனப்பாடம். கண்ணால் கண்டதே உண்மை என்ற பூதவாதியைப் பார்த்து அவள் நகைக்கிறாள். உன் தாய் தந்தை யாரென்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த நகைப்பு பிடிக்காது. பூதவாதி மனம் மாறினான் என்று சாத்தனாரும் சொல்லவில்லை.

ஆனால் ஏளனமும் துப்பாக்கியும் ஒன்றென்று யாராவது சொன்னால் அங்கே நான் பொறுமை இழந்துவிடுவேன். 1953இல் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பக்தர் மனம் புண்பட்டது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதே பக்தர் மறுநாள் காலை கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்க எந்தத் தடையும் இருக்கவில்லை. நான் சொல்வதால் நம்பாதே, உன் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னவரும் பெரியார்தான். நரேந்திர தாபோல்கரோ கோயிலுக்குப் போகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு, சாமியார்களின் மோசடியை மட்டும் எதிர்த்தவர். குரலை உயர்த்தாத மனிதர். 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி காலை நடைக்குப் போனவரைப் புனேயில் சுட்டுக் கொன்றார்கள். குரலை வைத்து அளந்தால் பெரியார் முரடர், தாபோல்கர் சாது. குண்டு பாய்ந்தது சாதுவின் மேல்.

‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்கிற அணி சோவியத் ரஷ்யாவைக் காட்டும். காட்டட்டும், மழுப்பாதே. அங்கே ‘போர்க்குணமிக்க கடவுளற்றோர் கழகம்’ 1925இலிருந்து இயங்கியது. 1931 டிசம்பரில் மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாதிரிமார் சிறைக்குப் போனார்கள், கொல்லவும்பட்டார்கள். நாத்திகம் அரசாங்கத்தின் கையில் ஆயுதமாகக் கிடைத்தபோது மறுத்தவருக்கு நேர்ந்தது இது. என் அளவுகோலை இங்கேயும் அப்படியே வைக்கிறேன். அது நாத்திகருக்குச் சலுகை தராது.

கோராவைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கோபராஜு ராமச்சந்திர ராவ், தாவரவியல் ஆசிரியர். நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். நாத்திகம் பேசியதால் ஆந்திரத்தில் வேலையை இழந்து, 1940இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையம் தொடங்கினார். தீண்டாமை ஒழிப்பு, சமபந்தி விருந்து, முதியோர் கல்வி. 1941இல் காந்திக்கு எழுதினார். நாத்திகம் தன்னையே மறுப்பது என்கிற மாதிரி வறண்ட பதில் வந்தது. விடவில்லை. 1944 இறுதியில் சேவாகிராமம் போய்ச் சந்தித்தார். அவர் காந்தியிடம் கடவுளின் அளவு கேட்கவில்லை. நாத்திகனானதால் கிராமத்தில் எந்தெந்த வேலை தமக்கு எளிதாயிற்று என்று சொன்னார். ஆசிரமத்தில் தங்கி வேலை செய்தார். கடைசியில் காந்தி, என் ஆத்திகம் சரியென்றோ உன் நாத்திகம் தவறென்றோ நான் சொல்ல முடியாது என்கிற இடத்துக்கு வந்தார். கோராவின் மகளுக்கும் தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞருக்கும் சேவாகிராமத்திலேயே மணம் முடித்துவைக்க ஒப்புக்கொண்டார். சடங்கில் கடவுள் என்று வருமிடத்தில் சத்தியம் என்று வைக்கவும் இசைந்தார். 1948 மார்ச்சில் திருமணம் நடந்தபோது காந்தி இல்லை. பிராட்லா இறந்த அதே ஜனவரி 30இல் அவரைச் சுட்டிருந்தார்கள்.

காந்தி நாத்திகராகவில்லை. கோரா ஆத்திகராகவுமில்லை. ரயிலடியில் 1891இல் கூடிய வெறுப்பு அரை நூற்றாண்டுக்குப் பிறகு எப்படிக் கரைந்தது என்று நீயே யோசி.

பட்டிமன்ற விஷயத்துக்கு வருகிறேன். அந்த அணியில் பேச மறுத்துவிடு. கேட்டால் அணி மாற்றித் தருவார்கள். மாற்றித் தராவிட்டால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அந்த அணியின் சோவியத் வாதத்துக்குக் குறிப்பெடு. காந்தியோடு பேசியவற்றைக் கோரா எழுதிய சிறு நூல் என்னிடம் இருக்கிறது; பொங்கலுக்கு ஊர் வரும்போது வாங்கிக்கொள். ஓரத்தில் பென்சிலால் எழுதாதே. எதிர்வாதம் இருந்தால் தனித்தாளில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் தமிழாசிரியர்